ஜனவரி 17-க்கு வீட்டுப் பீட்சா: முந்தின நாள் மாவு முதல் மறுநாள் மீதி வரை

ஜனவரி 17 உலக பீட்சா தினம். அந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு புனிதர் இருக்கிறார். எகிப்தின் பாலைவனத்தில் தவமிருந்த துறவி அவர். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் 'வனத்து அந்தோணியார்' என்று அழைப்பது இவரைத்தான். இத்தாலியில் நெருப்போடு வேலை செய்பவர்களுக்கும் வீட்டு விலங்குகளுக்கும் இவரே பாதுகாவலர். ரொட்டி சுடுபவர்களும், நேப்பிள்ஸில் 'பீட்சாயுவோலோ' எனப்படும் பீட்சா மாஸ்டர்களும் தங்கள் தொழிலுக்கு உரிய புனிதராக இவரைக் கொண்டாடுகிறார்கள். அன்று நேப்பிள்ஸின் பழைய பேட்டைகளில் உடைந்த நாற்காலியும் மேசையும் தெருவில் குவிந்து தீயில் எரியும். நாய், பூனை, குதிரை எல்லாம் கோயில் வாசலில் மந்திரிக்கப்படும். போகியும் மாட்டுப் பொங்கலும் முடிந்த கையோடு இதைக் கேட்கும்போது, அந்த ஊர் நமக்குத் தூரத்து ஊராகவே தெரியவில்லை.

அமெரிக்காவில் பீட்சா தினம் பிப்ரவரி 9. எனக்குப் பிடித்தது ஜனவரி 17-தான். பொங்கல் விடுமுறையில் வீட்டில் ஆள் இருக்கிறார்கள், வெயில் தணிந்திருக்கிறது, மாவு பதமாகப் புளிக்கிறது. நான்கு பேருக்கு நான்கு பீட்சா, ஆளுக்கு ஒரு வட்டு என்ற கணக்கில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில் சூட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

நேப்பிள்ஸ் விறகு அடுப்பின் தரை சுமார் 400 டிகிரி செல்சியஸ். அதன் வளைந்த கூரை அதைவிடச் சூடு. அங்கே பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். நம் வீட்டு ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய மின் அடுப்பு 250 டிகிரியோடு நின்றுவிடும். அதில் 7 முதல் 9 நிமிடம் ஆகும். வீட்டுப் பீட்சாவில் வரும் குறைகள் எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருபவை. ஒன்றரை நிமிடத்தில் குடைமிளகாய்க்குத் தண்ணீர் விட நேரமில்லை. எட்டு நிமிடத்தில் தாராளமாக விடும். அந்தத் தண்ணீர் மாவில் இறங்கி, நடுப்பகுதி வேகாமல் களியாக நிற்கும்.

என் முதல் பீட்சா அப்படித்தான் ஆனது. ஆசை ஆசையாக வெங்காயம், தக்காளித் துண்டு, காளான், பேபி கார்ன், அதன்மேல் ஒரு பாக்கெட் சீஸ் என்று அடுக்கினேன். ஓரம் கருகியது, நடு தொய்ந்தது. தட்டுக்கு மாற்றும்போது டாப்பிங் முழுக்கச் சரிந்து அடுப்புக் கதவில் விழுந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பொருளைக் கையில் எடுக்கும்போதும் ஒரே கேள்விதான்: இதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?

ஜனவரி 16, மாலை: மாவு

மைதா 500 கிராம், தண்ணீர் 310 மில்லி, தூள் உப்பு 12 கிராம், ஆலிவ் எண்ணெய் இரண்டு டீஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 கிராம். ஈஸ்ட் கால் டீஸ்பூனுக்குச் சற்று மேலே வரும், அது போதும். ஒரு டேபிள்ஸ்பூன் போடச் சொல்லும் செய்முறைகள் இரண்டு மணி நேரத்தில் பீட்சா வேண்டும் என்பவர்களுக்கானவை. அந்த மாவில் ஈஸ்ட் வாசனைதான் தூக்கலாக இருக்கும். சமையலறைத் தராசு இருந்தால் எடைபோட்டே செய்யுங்கள். கப் அளவில் மைதா கைக்குக் கை மாறும்.

மைதா பாக்கெட்டின் பின்பக்கத்தில் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமுக்கு 11 கிராமுக்கு மேல் இருந்தால் நல்லது. 9, 10 என்றிருந்தால் தண்ணீரை 295 மில்லியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். 'டபுள் ஜீரோ' என்று எழுதிய இத்தாலிய மாவு விலை அதிகம். அந்த எண் மாவு எவ்வளவு சுத்திகரிக்கப்பட்டது என்பதைச் சொல்வது, வலுவைச் சொல்வதல்ல. டபுள் ஜீரோவிலும் கேக்குக்கு ஏற்ற மெல்லிய மாவு உண்டு. வாங்குவதானால் அதிலும் புரத அளவைப் பார்த்தே வாங்குங்கள். கோதுமை மாவு சேர்க்க நினைத்தால் கால் பங்குக்கு மேல் வேண்டாம். தவிடு மாவின் இழுவையை அறுத்துவிடும்.

தண்ணீரில் உப்பைக் கரையுங்கள். மைதாவில் ஈஸ்டைக் கலந்து, தண்ணீரை ஊற்றி, காய்ந்த மாவு தெரியாத அளவுக்கு மட்டும் பிசறி மூடிவையுங்கள். 20 நிமிடம் கையே வைக்க வேண்டாம். அந்த நேரத்தில் மாவு தண்ணீரை இழுத்துக்கொண்டு பாதி வேலையைத் தானே செய்துவிடும். பிறகு எண்ணெய் விட்டு 8 முதல் 10 நிமிடம் பிசையுங்கள். முதலில் கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மாவு தூவாதீர்கள்; ஐந்தாவது நிமிடத்தில் ஒட்டுவது தானாக நிற்கும். ஒரு சிறு உருண்டை எடுத்து நான்கு பக்கமும் மெல்ல இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கிழியாமல், விரல் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லிய தோலாக வந்தால் பதம் சரி. பரோட்டா மாஸ்டர் வீசும் மாவில் காணும் அதே இழுவைதான் இது.

ஒரு மணி நேரம் மூடிவைத்து, நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 205 கிராம் பக்கம் வரும். விளிம்பை அடியில் இழுத்துச் சொருகி, மேல்தோல் இறுக்கமாக இருக்கும்படி உருட்டி, எண்ணெய் தடவிய மூடியுள்ள டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். உருண்டை இரு மடங்காகப் பெருக்க இடம் வேண்டும்.

ஏன் ஒரு நாள் முழுக்க? குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்கிறது. மாவிலுள்ள நொதிகள் அதற்கிடையில் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துக்கொண்டே இருக்கின்றன. 250 டிகிரியில் ஓரம் பொன்னிறமாவதற்கு அந்தச் சர்க்கரை உதவுகிறது. சூடு குறைந்த நம் அடுப்புக்கு இது கைகொடுக்கிறது. சுவையும் வேறு. முதல் தடவை டப்பாவைத் திறந்தபோது என் மாமியார் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இப்படிப் பொங்கியிருக்கு! உளுந்து ஏதும் போட்டியா?" என்றார். மாவை முகர்ந்து பார்த்துவிட்டு, "புளிச்சாப்பல நல்ல வாசமாத்தான் இருக்கு" என்றார். இட்லி மாவோடு நாற்பது வருடம் பழகிய மூக்கு அது. அதற்குமேல் எனக்குச் சான்று தேவைப்படவில்லை.

சாஸ்

நேப்பிள்ஸில் சான் மார்சானோ போன்ற நீளத் தக்காளியைக் கையால் நசுக்கி, உப்பு போட்டு, சமைக்காமலேயே தடவுகிறார்கள். டின்னில் வரும் முழுத் தக்காளி கிடைத்தால் நீங்களும் அப்படியே செய்யலாம். சாற்றை மட்டும் வடித்துவிடுங்கள்.

நம் சந்தைத் தக்காளியில் நாட்டுத் தக்காளி வேண்டாம். ரசத்துக்கு அது அருமை. இங்கே புளிப்பும் நீரும் அதிகம். சதைப்பற்றுள்ள பெங்களூர் தக்காளி 750 கிராம், நன்கு சிவந்ததாக எடுங்கள். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலுரித்து, விதையை வழித்தெடுத்து, கையால் நசுக்குங்கள். அகலமான வாணலியில் ஆலிவ் எண்ணெய், தட்டிய பூண்டு இரண்டு பல், அதன்மேல் தக்காளி, உப்பு. 10 நிமிடம் மிதமான தீயில் சுண்டவிடுங்கள். கரண்டியால் கோடு போட்டால் கோடு உடனே மூடாமல் நிற்க வேண்டும். தொக்குப் பதத்துக்குப் போக வேண்டாம். தக்காளியின் பச்சைத்தன்மை கொஞ்சம் மிஞ்சியிருக்கட்டும். மிளகாய்த் தூள், கெட்ச்அப் இரண்டும் வேண்டாம். ஒரு பீட்சாவுக்கு நான்கு டேபிள்ஸ்பூன். தடவிய பின் இங்கங்கே மாவு தெரிந்தால் அதுதான் சரியான அளவு.

சீஸ்

மொசரெல்லா இரண்டு வகையில் கிடைக்கிறது. தண்ணீரில் மிதந்து வரும் வெள்ளை உருண்டை ஒன்று. நீர் குறைந்த, மஞ்சள் சாயலுள்ள கட்டி இன்னொன்று. இத்தாலியின் கம்பானியா பகுதியில் எருமைப் பாலில் செய்யும் மொசரெல்லாவுக்குத் தனிப் பெயரே உண்டு. ஆனால் அது ரொம்பவே நீர்ப்பதமானது. வீட்டு அடுப்புக்கு என் சிபாரிசு கட்டி வகைதான். வெள்ளை உருண்டையே வேண்டுமென்றால் காலையிலேயே பிய்த்து வடிகட்டியில் போட்டு, ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் நீர் வடியவிடுங்கள்.

துருவியே வரும் பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க மாவுப்பொருள் தூவியிருப்பார்கள். உருகும்போது அது தடுக்கும். கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். சாண்ட்விச்சுக்கு வரும் பதப்படுத்திய சீஸ் உருகும், இழுபடாது. மொசரெல்லா செய்யும்போது சூடான நீரில் இழுத்து இழுத்துப் பிசைகிறார்கள். அப்போது பால் புரதம் நாராக ஒழுங்குபடுவதால்தான் அந்த இழுவை வருகிறது. ஒரு பீட்சாவுக்கு 70 கிராம்.

என் மகள் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, இவ்ளோதானா சீஸு? கடையில நிறையப் போடுவாங்களே!"

"சாப்பிட்டுட்டுச் சொல்லு கண்ணு."

சாப்பிட்டாள். இரண்டாவது பீட்சாவுக்கு அவளே துருவி, அவளே எடைபோட்டு, 70-ல் நிறுத்தினாள்.

டாப்பிங்: எதை எப்படித் தயார்செய்வது

காளான் ஏறத்தாழ முழுக்கத் தண்ணீர். தடிமனாக வெட்டி, எண்ணெய் இல்லாத சூடான வாணலியில் பரப்புங்கள். முதலில் சத்தமே இருக்காது. பிறகு நீர் விட்டுச் சளசளக்கும். அந்த நீர் வற்றி, 'கிரீச்' என்ற சத்தம் வந்து, ஓரம் பழுப்பாகும். அப்போது ஒரு சொட்டு எண்ணெயும் உப்பும் போட்டு இறக்குங்கள். அரைக் கூடை காளான் ஒரு கைப்பிடியாகச் சுருங்கியிருக்கும். அந்தக் கைப்பிடிதான் ஒரு பீட்சாவுக்கு அளவு.

குடைமிளகாயை நேரடியாகத் தீயில் சுட்டுத் தோலை உரித்து நார்நாராகக் கிழியுங்கள். பச்சையாக வெட்டிப் போடுவதற்கும் இதற்கும் சுவையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வெங்காயத்தைச் சன்னமாக அரிந்து, உப்பு பிசறி 15 நிமிடம் வைத்துப் பிழிந்தெடுங்கள். கத்தரிக்காய் வட்டுகளைத் தோசைக்கல்லில் வாட்டிப் போட்டால் மிக நன்றாக இருக்கும். இதை ஏனோ பலரும் முயல்வதில்லை. சிக்கன் முழுதாக வெந்ததாக இருக்க வேண்டும். அடுப்பில் அது சூடாக மட்டுமே நேரமிருக்கிறது. மசாலா ஈரமின்றி வறுவல் பதத்தில் இருக்கட்டும். பனீரைக் கடுகளவு எண்ணெயில் வாட்டிவிட்டுப் போடுங்கள்.

அன்னாசிக்குப் பெரிய சண்டையே நடக்கிறது. ஹவாயன் பீட்சா ஹவாயிலிருந்து வந்ததல்ல. கிரேக்கத்திலிருந்து கனடா போன சாம் பனோபௌலோஸ், 1962-ல் ஒன்டாரியோ மாகாணத்தில் தன் உணவகத்தில் செய்தது அது. எனக்கு அதில் விரோதமில்லை. துணியில் ஒற்றி எடுத்து, சுடச்சுட வாணலியில் ஒரு புரட்டு புரட்டிவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான்.

ஒரு பீட்சாவில் சாஸ், சீஸ் தவிர இரண்டு டாப்பிங். மூன்றாவது வேண்டுமென்றால் அடுத்த பீட்சாவில் போடுங்கள். நான்கு வட்டு இருக்கிறதே.

இலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பேசில் என்பது நம் துளசி அல்ல. ஆனால் அந்நியமும் அல்ல. சப்ஜா விதை தரும் திருநீற்றுப் பச்சிலை அதே இனம்தான். இத்தாலிய ரகத்தின் மணம் இன்னும் இனிப்பாக இருக்கும். கிடைக்காத ஊரில் திருநீற்றுப் பச்சிலையின் இளங்கொழுந்து இரண்டைக் கிள்ளிப் போட்டால் தப்பில்லை. துளசியைப் போட்டால் கஷாய வாசம் வந்துவிடும். ஒரிகானோவின் காரமணத்துக்குக் காரணமான கார்வக்ரால் கற்பூரவல்லியிலும் உண்டு. உலர்ந்த ஒரிகானோ தீர்ந்துபோன ஒருநாள், கற்பூரவல்லியில் பாதி இலையைப் பொடிப்பொடியாக அரிந்து சாஸில் போட்டேன், பொருந்தியது. முழு இலை போட்டால் இருமல் மருந்து நினைவு வரும்.

ஜனவரி 17, மாலை: வட்டு விரிப்பது

சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு உருண்டைகளை வெளியே எடுங்கள். குளிர்ந்த மாவு விரியாது, சுருங்கும்.

மேடையில் மைதா தூவி உருண்டையை வையுங்கள். பூரிக்கட்டையை எடுக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கச் சேர்ந்த காற்றை அது ஒரே உருட்டில் நசுக்கிவிடும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விரல்நுனியால் அழுத்திப் போங்கள், ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் தொடாமல் விடுங்கள். அந்தக் காற்று ஓரத்துக்கு நகர்ந்து, சூட்டில் உப்பி வருவதுதான் 'கோர்னிச்சோனே' எனப்படும் விளிம்பு. பிறகு வட்டை இரு புறங்கைகளின்மேல் தொங்கவிட்டுச் சுற்றுங்கள். தன் எடையாலேயே விரியும். 9, 10 அங்குலம் போதும். அடம்பிடித்துச் சுருங்கினால் பத்து நிமிடம் மூடிவைத்துவிட்டு மறுபடி தொடுங்கள். ஓட்டை விழுந்தால் கிள்ளி ஒட்டிவிடுங்கள்.

ஒரு மெல்லிய பலகையில் அரிசி மாவு தூவி, வட்டை அதற்கு மாற்றிய பிறகே சாஸ் தடவுங்கள். அரிசி மாவு ஈரத்தை எளிதில் இழுக்காது, அதனால் வட்டு வழுக்கும். பலகையை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். வட்டு நகராவிட்டால் அடுப்பிலும் நகராது. சாஸ் தடவிய பிறகு நேரம் கடத்த வேண்டாம்.

அடுப்பு

கைப்பிடி முழுக்க இரும்பான தோசைக்கல் அடுப்புக்குள் அடங்கினால் அதைவிட நல்ல பீட்சாக் கல் கிடையாது. இல்லையென்றால் கனமான தட்டைக் கவிழ்த்து வையுங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைத்து, மேல் கீழ் இரண்டு ராடும் 250 டிகிரியில் 45 நிமிடம் சூடேற வேண்டும். விளக்கு அணைந்துவிட்டது என்று 10 நிமிடத்தில் அவசரப்பட்டால் காற்றுதான் சூடாகியிருக்கும், கல் சூடாகியிருக்காது. பேக்கிங் பேப்பர் பயன்படுத்துபவர்கள் அது எத்தனை டிகிரி தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல பேப்பர்கள் 220-க்கு மேல் தாங்குவதில்லை.

கல் நல்ல சூட்டில் இருக்கும்போது முதலில் மரினாரா. தக்காளி, பூண்டுச் சீவல், ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய் மட்டும், சீஸ் கிடையாது. மாலுமிகளின் பெயரால் வழங்கும் பழைய நேப்பிள்ஸ் பீட்சா இது. சீஸ் பிடிக்காத பெரியவர்களுக்கு இதைக் கொடுங்கள். மாவும் தக்காளியும் சரியாக வந்தனவா என்று இதில் மறைக்க முடியாமல் தெரிந்துவிடும்.

அடுத்தது மார்கரிட்டா. 1889-ல் நேப்பிள்ஸுக்கு வந்த இத்தாலிய அரசி மார்கரிட்டாவுக்காக ரஃபேலே எஸ்போசிட்டோ செய்தார், இத்தாலியக் கொடியின் சிவப்பு (தக்காளி), வெள்ளை (மொசரெல்லா), பச்சை (பேசில்) அதில் உண்டு என்பது பிரபலமான கதை. வரலாற்றாசிரியர்கள் பலர் அந்தக் கதையைச் சந்தேகிக்கிறார்கள். மொசரெல்லாவும் பேசிலும் பீட்சாவில் ஏறியது அதற்கு முன்பே என்பதற்குச் சான்று உண்டு. கட்டி மொசரெல்லா என்றால் ஆரம்பத்திலேயே போடுங்கள். நீர் வடித்த வெள்ளை மொசரெல்லா என்றால் நான்காவது நிமிடத்தில் போடுங்கள். பேசில் இலையை வெளியே எடுத்த பிறகே வைக்க வேண்டும். எட்டு நிமிடச் சூட்டில் அது கருகிச் சருகாகிவிடும்.

ஏழாவது நிமிடத்தில் ஓரத்தைத் தூக்கி அடியைப் பாருங்கள். சிறுத்தைத்தோல் மாதிரி பழுப்புப் புள்ளிகள் இருக்க வேண்டும். மேல்பக்கம் வெளுத்திருந்தால் கடைசி ஒரு நிமிடம் மேல் ராடு மட்டும். வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள், கம்பி வலையில் இரண்டு நிமிடம் வையுங்கள். காதைக் கிட்டே கொண்டுபோனால் ஓரம் ஆறும்போது மெல்லிய சடசடப்பு கேட்கும். அதைக் கேட்பதற்காகவே என் மகள் அடுப்பருகில் நிற்கிறாள்.

ஒவ்வொரு பீட்சாவுக்கும் நடுவில் எட்டு நிமிடம் கதவை மூடிக் கல்லைச் சூடேற விடுங்கள். அந்த இடைவெளியில் அடுத்த வட்டை விரிக்கலாம். எல்லோருடையதும் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வெந்ததை நான்காக வெட்டி, நால்வரும் பகிர்ந்து சூடாகச் சாப்பிட்டுவிட்டு அடுத்ததற்கு வாருங்கள்.

ஓ.டி.ஜி. இல்லாத வீட்டில் கனமான இரும்புத் தோசைக்கல்லை மிதமான தீயில் 10 நிமிடம் காயவையுங்கள். வட்டை வெறுமையாகப் போட்டு, குமிழ் வந்து அடி புள்ளி விழுந்ததும் திருப்புங்கள். சுட்ட பக்கத்தில் சாஸும் சீஸும் போட்டு, குழிவான மூடியால் மூடி, தீயைக் குறைத்து நான்கு நிமிடம். மேலே நிறம் வராது, ஆனால் மாவு நன்றாக வேகும், சீஸ் உருகும். வட்டைக் கொஞ்சம் சிறியதாகவும் மெல்லியதாகவும் விரியுங்கள்.

மீந்தால்

மீந்த துண்டை மைக்ரோவேவில் வைத்தால் தோலாகிவிடும். தோசைக்கல்லில் வைத்து, பக்கத்தில் நான்கு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடுங்கள். இரண்டு நிமிடத்தில் அடி மொறுமொறுப்பாகவும் மேலே இளக்கமாகவும் திரும்பிவிடும்.

மாவு உருண்டை மீந்தால் இன்னும் இரண்டு நாள் ஃபிரிட்ஜில் தாங்கும். நேப்பிள்ஸில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அடுப்பும் பணமும் இல்லாத காலத்தில், வட்டை மடித்து எண்ணெயில் பொரித்துத் தெருவில் விற்றார்கள். 'பீட்சா ஃப்ரித்தா' என்று இன்றும் விற்கிறார்கள். உருண்டையை இரண்டாக்கி, விரித்து, மீந்த சீஸும் மிளகுத் தூளும் வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தை சோமாசிக்கு மடிப்பதுபோல் இறுக்கி, நடுத்தரச் சூட்டு எண்ணெயில் பொரியுங்கள். 18-ஆம் தேதி காலைப் பலகாரம் முடிந்தது.